நாய்க் கணைய அழற்சி: வரலாறும் பராமரிப்பும்

நாய்க் கணைய அழற்சி என்பது நாயின் கணையம் வீங்கிப் புண்ணாகி, தான் சுரக்கும் செரிமான நீராலேயே அரிக்கப்படும் நோய். திடீரென வந்து சில நாள்களில் உயிரைப் பறிக்கும் தீவிர வகையும், மாதக்கணக்கில் வந்து வந்து போகும் நாள்பட்ட வகையும் இதில் உண்டு. நடுவயதைத் தாண்டிய, உடல் பருத்த வீட்டு நாய்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் எந்த வயது நாய்க்கும், மெலிந்த நாய்க்கும்கூட வரலாம்.

கணையத்தைப் பற்றி மனிதர் அறிந்தவற்றில் பெரும்பகுதி நாயை அறுத்துப் பார்த்து அறிந்தவை. 1664 முதல் ஏறத்தாழ 260 ஆண்டுகள் நாயின் கணையமே ஆய்வுக்கூடங்களின் பாடநூலாக இருந்தது. ஆனால் நாய்க்கே இந்நோய் வந்தால் அதை நம்பத்தக்க அளவில் காட்டும் இரத்தச் சோதனை 2003ஆம் ஆண்டையொட்டித்தான் கிடைத்தது. இந்த நீண்ட இடைவெளியின் வரலாற்றையும், மரக்காணம் போன்ற கடற்கரை ஊர்களில் நாய் வளர்ப்போர் அதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை கூறுகிறது.

கணையமும் அதன் வேலையும்

இரைப்பைக்கு அடுத்து, சிறுகுடலின் தொடக்கத்தை ஒட்டி அமைந்த சுரப்பி கணையம். கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஹெரோபிலஸ் இதனைத் தனி உறுப்பாக விவரித்தார். 'முழுதும் தசை' என்ற பொருள் தரும் 'பான்கிரியஸ்' என்னும் பெயரைப் பிற்காலத்தில் எபேசஸ் நகர ரூபஸ் வழங்கினார். இது தசை அன்று, சுரப்பி என்பது நெடுங்காலம் தெரியவில்லை.

கணையத்திற்கு இரண்டு வேலைகள். இன்சுலின் போன்ற இயக்குநீர்களை இரத்தத்தில் கலப்பது ஒன்று. மாவு, கொழுப்பு, புரதம் ஆகியவற்றைச் செரிக்கும் நொதிகளைக் குழாய் வழியே சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொன்று. புரதத்தைக் கரைக்கும் டிரிப்சின், கணையத்துக்குள் இருக்கும்போது உறங்கும் நிலையில் டிரிப்சினோஜனாக இருக்கிறது. குடலை அடைந்த பிறகே விழித்துக்கொள்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் அது கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் உணவைச் செரிக்க வேண்டிய நீர் உறுப்பையே செரிக்கத் தொடங்கும். இதுவே கணைய அழற்சியின் அடிப்படை.

ஆய்வு மேசையில் நாய்

1642இல் இத்தாலியின் பதுவா நகரில் யோகான் கியோர்க் விர்சுங் மனிதக் கணையத்தின் குழாயைக் கண்டறிந்தார். அக்குழாயில் என்ன ஓடுகிறது என்ற கேள்விக்கு விடை தேடி 1664இல் ஆலந்து நாட்டு லைடன் நகரின் இளம் மாணவர் ரெக்னியர் டி கிராஃப் ஒரு நாயைத் தேர்ந்தெடுத்தார். உயிருள்ள நாயின் கணையக் குழாயில் பறவையின் இறகுத் தண்டைச் செருகி, வடிந்த நீரைச் சிறு குப்பியில் சேகரித்தார். கணையநீர் மனிதர் கைக்கு வந்தது அப்போதுதான். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது.

1683இல் யோகான் கொன்ராட் புருன்னர் நாய்களின் கணையத்தின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார். நாய்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றுக்கு மிகுந்த தாகமும் சிறுநீரும் இருந்ததை அவர் குறித்துவைத்தார். ஆனால் அதை நீரிழிவோடு தொடர்புபடுத்தவில்லை. உயிர்வாழக் கணையம் தேவையில்லை என்றே முடிவு செய்தார்.

பாரிஸ் நகரின் கிளாட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கொழுப்பைச் செரிப்பதில் கணையநீரின் பங்கை நிறுவினார். 1856இல் அவர் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு நேரடியானது. நாயின் கணையக் குழாய்க்குள் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தியபோது அவ்வுறுப்பு வீங்கி அழுகியது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட முதல் கணைய அழற்சி இதுவே எனக் கொள்ளப்படுகிறது. நோய் நாயின் உடலில் உருவாக்கப்பட்டது. அதன் நோக்கமோ மனித நோயைப் புரிந்துகொள்வது.

1889இல் இரு நகரங்களில் இரு செய்திகள் வெளிவந்தன. பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் மனிதரின் தீவிரக் கணைய அழற்சியைத் தனி நோயாக வகைப்படுத்தி விவரித்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒஸ்கார் மின்கோவ்ஸ்கியும் யோசப் ஃபொன் மேரிங்கும் நாயின் கணையத்தை முழுவதும் அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்ததைக் கண்டனர். புருன்னர் தவறவிட்ட இழையை இவர்கள் பிடித்தனர். 1896இல் பிராக் நகரின் ஹான்ஸ் கியாரி, கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்வதே இந்நோய் என்றார். இன்றும் இக்கருத்தே அடிப்படையாக நிற்கிறது.

1921இல் கனடாவின் டொரண்டோ நகரில் ஃபிரெடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் நாய்களின் கணையக் குழாயைக் கட்டிவிட்டனர். செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கியபின் எஞ்சிய பகுதியிலிருந்து சாறு எடுத்து, நீரிழிவு உண்டாக்கப்பட்ட நாய்களுக்குச் செலுத்தினர். சர்க்கரை இறங்கியது. 1922 சனவரியில் அம்மருந்து ஒரு சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டது. இன்சுலின் இவ்வாறு பிறந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உயிர் வாழ்வதற்குப் பின்னால் அந்த டொரண்டோ நாய்கள் இருக்கின்றன.

பழுப்பு நாய் வழக்கு

இந்த ஆய்வுகளை அக்காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1902இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னெஸ்ட் ஸ்டார்லிங் இருவரும், கணையத்தைச் சுரக்கத் தூண்டும் 'செக்ரிட்டின்' என்னும் பொருளை நாயில் கண்டறிந்தனர். அதே ஆண்டின் இறுதியில் ஸ்டார்லிங் ஒரு பழுப்பு நிற டெரியர் நாயின் கணையக் குழாயைக் கட்டினார். 1903 பிப்ரவரியில் அதே நாயின் வயிறு மீண்டும் திறந்து பார்க்கப்பட்டது. பின்னர் மாணவர் முன்னிலையில் பேலிஸ் அதைக் கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பி பற்றிய விளக்கம் நடத்தினார். அதன் முடிவில் நாய் கொல்லப்பட்டது.

அங்கே இருந்த ஸ்வீடன் நாட்டுப் பெண் மாணவியர் இருவர், நாய்க்கு மயக்க மருந்து போதுமான அளவு கொடுக்கப்படவில்லை என்று எழுதினர். பேலிஸ் இதை மறுத்து, இக்குற்றச்சாட்டை மேடையில் பேசிய ஸ்டீபன் கோல்ரிட்ஜ் மீது அவதூறு வழக்குத் தொடுத்து, 2000 பவுன் இழப்பீடு பெற்றார். ஆயினும் பொதுமக்கள் மனத்தில் வழக்கு முடியவில்லை. 1906இல் லண்டனின் பேட்டர்சீ பகுதியில் அந்த நாய்க்குச் சிலை வைக்கப்பட்டது. மருத்துவ மாணவர்கள் கலவரம் செய்ய, 1910இல் சிலை அகற்றப்பட்டது. 1985இல் புதிய சிலை ஒன்று நிறுவப்பட்டது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்குகள் மீதான சோதனைகளைக் கண்காணிக்கத் தனிக் குழு அமைக்க வழி செய்தது.

ஆய்வுப் பொருளாக இருந்து நோயாளியாக

1932இல் அமெரிக்காவில் செர்ரி, கிராண்டல் என்னும் ஆய்வாளர்கள், நாயின் கணையம் காயப்பட்டால் இரத்தத்தில் லிப்பேஸ் நொதி கூடுவதைக் காட்டினர். மனித மருத்துவமனைகளில் இன்றும் செய்யப்படும் லிப்பேஸ் சோதனைக்கு இதுவும் ஓர் அடித்தளம். கால்நடை மருத்துவரும் அமிலேஸ், லிப்பேஸ் அளவுகளையே நெடுங்காலம் நம்பினர். நாயைப் பொறுத்தவரை அவை பலமுறை ஏமாற்றின. நாயின் உடலில் வேறு உறுப்புகளிலிருந்தும் இந்நொதிகள் வருகின்றன. சிறுநீரகம் பழுதானாலும் அளவு கூடும். உண்மையிலேயே கணையம் வீங்கிய நாயிடம் அளவு இயல்பாகக் காணப்படுவதும் உண்டு.

இச்சிக்கலுக்கு விடை டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. யோர்க் ஸ்டைனர், டேவிட் வில்லியம்ஸ் ஆகியோரின் குழு, நாயின் கணையத்தில் மட்டுமே தோன்றும் லிப்பேஸைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் அடையாளம் காணும் சோதனையை 2003ஐ ஒட்டி உருவாக்கியது. பின்னர் விற்பனைக்கு வந்த சோதனையில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை இயல்பு, 400க்கு மேல் கணைய அழற்சிக்கு இசைவு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. மருத்துவமனையிலேயே சில நிமிடங்களில் விடை தரும் சிறு பெட்டிச் சோதனையும் வந்துவிட்டது.

இதுவும் தனித்து முடிவு சொல்லும் சோதனை அன்று. வயிற்றின் வேறு நோய்களிலும் அளவு உயரலாம். எனவே அறிகுறி, இரத்தச் சோதனை, வயிற்று ஸ்கேன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். முதலில் நோயைப் பார்ப்பது வீட்டாரின் கண்தான்.

தமிழ்நாட்டில்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்டுப் பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அக்காலக் கால்நடை மருத்துவத்தின் பெருங்கவலை உழவு மாடும் குதிரையும்தான். வெக்கை நோய் ஊர் ஊராக மாடுகளைக் கொன்றுகொண்டிருந்தது. அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011இல்தான். அந்த நிலையில் ஒரு நாயின் வயிற்றுவலிக்கு இடமேது? நாய் என்றால் வெறிநோய் என்பதே அரசின் எண்ணமாக இருந்தது.

1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. அதற்குள் நகரங்களில் வீட்டு நாய்கள் பெருகியிருந்தன. 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் 1982இல் சென்னையிலும் பதிவானது. அதிலிருந்து, வாந்தி எடுக்கும் நாய் என்றால் பார்வோ என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. தடுப்பூசி போடாத குட்டிக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஏழு எட்டு வயது நாய்க்குப் பொருந்தாது. எலி மருந்து, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், குடலில் சிக்கிய எலும்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கணைய அழற்சி ஆகிய அனைத்திலும் வாந்தி வரலாம். உண்ணி பரப்பும் பபேசியா நோயோடு கணைய அழற்சியும் சேர்ந்து வருவதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் பதிவு செய்தனர். உண்ணி மிகுந்த நம் ஊர்களுக்கும் இது நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

அறிகுறிகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஆய்வு, தீவிரக் கணைய அழற்சியால் இறந்த 70 நாய்களின் பதிவேடுகளைத் தொகுத்தது. அவற்றில் 90 விழுக்காட்டு நாய்களுக்கு வாந்தியும், 79 விழுக்காட்டுக்குத் தளர்ச்சியும், 58 விழுக்காட்டுக்கு வயிற்றுவலியும், 46 விழுக்காட்டுக்கு நீரிழப்பும், 33 விழுக்காட்டுக்குப் பேதியும் இருந்தன. இறக்கும் அளவுக்கு நோய் முற்றிய நாய்களிலேயே ஏறத்தாழ பாதிக்கு வயிற்றுவலி வெளியே தெரியவில்லை என்பது கவனிக்க வேண்டியது. நாய் வலியை மறைக்கும் விலங்கு.

வீட்டார் கவனிக்க வேண்டியவை:

- ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாந்தி; குடித்த தண்ணீரும் தங்காமை.
- விரும்பிய உணவையும் முகர்ந்துவிட்டு விலகுதல்.
- முன்கால்களையும் மார்பையும் தரையில் பதித்து, பின்புறத்தை உயர்த்தி, அந்த நிலையிலேயே நெடுநேரம் இருத்தல். விளையாட்டுக்கு அழைக்கும் நாயும் இப்படி வளையும். ஆனால் அது உடனே துள்ளி எழும்.
- வயிற்றைத் தொட்டால் முறுக்கிக்கொள்ளுதல், முனகுதல்.
- ஈறு உலர்ந்து ஒட்டுதல், வெளிறுதல், மஞ்சளாதல்.
- எழ மறுத்து மூலையில் ஒடுங்குதல்.

நாள்பட்ட வகையில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு நாள் உணவை ஒதுக்குதல், எப்போதாவது வாந்தி, மெல்ல எடை குறைதல் என்று போகும். பல ஆண்டுகளில் கணையம் சுருங்கி நீரிழிவில் முடிவதும் உண்டு. அப்போது நாய்க்கும் இன்சுலின் போட வேண்டிவரும்.

நோய் தோன்றக் காரணம் பல நாய்களில் தெரிவதில்லை. கொழுப்பு மிகுந்த உணவை ஒரே வேளையில் நிறைய உண்பது, உடற்பருமன், இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், சில மருந்துகள், இயக்குநீர்க் கோளாறுகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. மினியேச்சர் ஷ்னவுசர், யார்க்‌ஷயர் டெரியர், காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களில் இது கூடுதல்.

மருத்துவம் மாறிய விதம்

இந்நோய்க்கு முதல் மருந்து உப்புநீர். 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா, காலராவில் வற்றிப்போன நோயாளிகளின் இரத்தக் குழாயில் உப்புக் கரைசலைச் செலுத்தி உயிர்ப்பித்தார். 1880களில் சிட்னி ரிங்கர் அக்கரைசலில் பொட்டாசியம், கால்சியம் சேர்ப்பதன் பயனைக் காட்டினார். 1930களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட் சேர்த்தார. இன்று நாய்க்கு ஏற்றப்படும் 'ரிங்கர் லாக்டேட்' புட்டியின் பெயரில் இந்த வரலாறு இருக்கிறது. வாந்தியால் இழந்த நீரை ஈடுசெய்வதோடு, வீங்கிய கணையத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதன் பணி.

அடுத்தது வலி நீக்கம். அதன்பின் வாந்தியை அடக்கும் மருந்து. நாய்களுக்கென்றே உருவான வாந்தித் தடுப்பு மருந்தான மாரோபிடன்ட் 2007இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பெரிய மாற்றம் உணவில்தான் வந்தது. கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி நாயை நாள்கணக்கில் பட்டினி போடுவதே 20ஆம் நூற்றாண்டின் வழக்கம். பட்டினியால் குடலின் சுவர் நலிந்து, கிருமிகள் உடலுக்குள் புக வழியாகிறது என்பது பின்னர் தெரிந்தது. மனித மருத்துவம் முதலில் மாறியது. 2011இல் மெல்போர்னில் நடந்த சிறிய ஆய்வு, கடும் நோயுற்ற நாய்களும் குழாய் வழியே தொடக்கத்திலேயே கொடுக்கப்படும் உணவைத் தாங்குகின்றன எனக் காட்டியது. வாந்தி அடங்கியதும் கொழுப்புக் குறைந்த உணவைச் சிறிது சிறிதாகத் தொடங்குவதே இன்றைய முறை.

நோயையே குறிவைக்கும் மருந்தும் அண்மையில் வந்துள்ளது. ஃபூசாப்லாடிப் என்னும் ஊசி மருந்து 2018இல் சப்பானிலும், 2022இல் நிபந்தனையோடு அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. டி கிராஃப் நாயின் கணையத்தில் இறகைச் செருகி 350 ஆண்டுகளுக்குப் பிறகு, நாயின் கணையத்துக்கென்றே ஒரு மருந்து கிடைத்தது.

மரக்காணம் கரையில்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், உப்பளங்களும் மீன்பிடியும் சேர்ந்த ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே எனக் கருதப்படுகிறது. பாணனின் வறுமையைச் சொல்ல அந்நூல் காட்டும் காட்சிகளில் ஒன்று, பால் இல்லாத தாய் நாய், குட்டிகள் பாலுக்கு முட்டுவது தாங்காமல் இடிந்த அடுக்களையில் குரைப்பது. அன்று வீட்டு நாயின் துன்பம் பசி. இன்று பல வீடுகளில் அது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. பொரித்த மீன் தலை, கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு, எஞ்சிய பிரியாணி, தீபாவளி நெய்ப் பலகாரம் ஆகியவை அன்பாகக் கொடுக்கப்படுகின்றன. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மறுநாள் வாந்தி எடுக்கும் நாயை 'ஏதோ தின்றுவிட்டது, சரியாகிவிடும்' என்று விடுவது ஆபத்து.

நஞ்சு தின்றது என எண்ணி உப்பைக் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் இன்னும் இருக்கிறது. உப்பு விளையும் ஊரில் அது எளிதில் கைக்கு வரும் பொருள். ஆனால் இரத்தக் குழாயில் ஏற்றும் சலைனில் உப்பு 0.9 விழுக்காடு மட்டுமே. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு. கையளவு உப்பைக் கரைத்துக் குடிக்கவைத்தால், ஏற்கெனவே நீர் வற்றிய நாயின் இரத்தத்தில் உப்பேறி வலிப்பும் சாவும் நேரலாம். மருத்துவரின் கையில் அளவோடு ஏறும் உப்பு உயிர் காக்கும். வீட்டில் புகட்டும் உப்பு அதே நாயைக் கொல்லக்கூடும்.

மனிதருக்கான வலி மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கோடையில் நிழலற்ற உப்பளக் கரையில் நீரிழப்பு விரைவாக முற்றும். எனவே ஒரே நாளில் மூன்று நான்கு முறை வாந்தி எடுத்து, தண்ணீரும் தங்காத நாயை மறுநாள்வரை வைத்துப் பார்க்கக் கூடாது. முதலில் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று நீர் ஏற்ற வேண்டும். ஸ்கேனும் சிறப்புச் சோதனையும் தேவையானால், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே எட்டக்கூடிய புதுச்சேரியின் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. வடக்கே சென்னையில் வேப்பேரி மருத்துவமனை உள்ளது. என்ன தின்றது, எப்போது முதல் வாந்தி, எத்தனை முறை, என்னென்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரும் உதவி.

குணமான பிறகு

ஒருமுறை இந்நோய் கண்ட நாய்க்கு மீண்டும் வரும் வாய்ப்பு உண்டு. குழைய வேகவைத்த சோறு, தோல் நீக்கி வேகவைத்த கோழி, எண்ணெயில்லாமல் அவித்து முள் நீக்கிய மீன் ஆகியவற்றை நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துத் தொடங்கலாம். வெங்காயம், தேங்காய், நெய், பொரித்தவை வேண்டாம். நீண்ட காலத்துக்கு இச்சோறு மட்டும் போதாது. சத்துகள் நிறைந்த குறைகொழுப்பு உணவை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். பருத்த நாயின் எடையை மெல்லக் குறைக்க வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும், குறிப்பாகக் குழந்தைகளும் விருந்தினரும், தட்டிலிருந்து எடுத்துப் போடாமல் இருக்க வேண்டும். நடைமுறையில் மிகக் கடினமானது இதுதான்.

மனிதர் தம் நோயை அறிய மூன்று நூற்றாண்டுகள் நாயின் கணையத்தைத் திறந்து பார்த்தனர். அதன் பயனில் நாய்க்குரிய பங்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பங்கு ஓர் உப்பளத்து ஊரின் நாயையும் எட்ட வேண்டுமானால், வாந்தி எடுத்து மூலையில் ஒடுங்கும் அதை அன்றைக்கே ஒருவர் கவனித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.